மாற்று ஆள் இல்லை

என் அக்காவைப் பற்றி நிதானமாகச் சொல்ல எனக்கு வராது. நிதானமாகச் சொல்லும்படி அவளுக்கு யாரும் எந்த நல்லதும் செய்துவிடவில்லை. செய்யாதவர்களில் நானும் ஒருத்தி. அதற்கும் வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

எங்களுடையது சின்ன நாடு. இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் ‘நூறு’ என்பார்கள். ஒரு துறைமுகம், ஒரு நீதிமன்றம், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வாரத்துக்கு இரண்டு விமானம். வங்கி வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் சித்தப்பாவாக இருப்பார், பின்னால் நிற்பவர் சம்பந்தியாக இருப்பார். ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும்வரை அடுத்தவர் நிற்க வேண்டியதுதான். என் அக்கா இருபத்தொரு வருஷம் நின்றாள்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் எக்ஸ்ரே அறை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. உள்ளே ஈயக் கவசம் தொங்கும் ஆணி, எத்தனை தடவை துடைத்தாலும் பிசுபிசுக்கும் மேசை, சுவரில் பாதி கிழிந்த எலும்புப் படம். இருபத்துமூன்று வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் யாரும் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எக்ஸ்ரே அக்கா என்றால்தான் தெரியும். அவளைவிட வயதானவர்களுக்கும் அவள் அக்காதான். யார் வீட்டுக் கிழவருக்கு இடுப்பில் ஆணி இருக்கிறது, எந்த மந்திரி மாம்பழம் பறிக்கப் போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டு, மக்கள் பணியில் அடிபட்டதாகச் சொல்லித் திரிந்தார், எல்லாம் அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள். “எலும்பைப் பாத்தவ ஊர்க்கதை பேசக்கூடாதுடி” என்பாள்.

அவளுக்கு மேலே ஒரு நாற்காலி இருந்தது. படப்பிரிவுத் தலைவர். அதில் உட்காரப் பட்டம் வேண்டும். அக்காவிடம் இருந்தது ஒரு வருஷச் சான்றிதழ். பட்டப் படிப்பு எங்கள் நாட்டில் கிடையாது, வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவந்தார்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

முதலில் வந்தவர் நல்ல மனிதர், ஆனால் இங்குள்ள உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒன்றரை வருஷத்தில் கிளம்பிவிட்டார். இரண்டாவது ஆள் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். படத்தை எப்படித்தான் பார்த்தாரோ! மூன்றாவது ஆள் இருக்கும்போதுதான் ஸ்கேன் இயந்திரம் வந்தது. பொருத்த வந்த எஞ்சினியர் நான்கே நாள் இருந்தார். தலைவர் அந்த நான்கு நாளும் கடற்கரையில். அக்காதான் எஞ்சினியரின் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி, கேள்வி கேட்டுக் கேட்டு அவர் பிராணனை வாங்கி, இயந்திரத்தைக் கற்றுக்கொண்டாள். பிறகு அந்தத் தலைவருக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். அவர் ஊர் திரும்பும்போது, ‘ஸ்கேன் பிரிவை நிறுவியவர்’ என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அக்காவும் வரிசையில் நின்று கைதட்டினாள். எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது.

ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை அக்காதான் ‘பொறுப்பு’. கூட்டிப் பார்த்தால் ஆறு வருஷத்துக்கு மேல் அவள்தான் தலைவர் வேலை பார்த்திருக்கிறாள். ஆனால் தலைவரின் அறைச் சாவி மட்டும் அவளிடம் தரப்பட்டதில்லை. “நீங்க பொறுப்புதானேம்மா” என்பார்கள்.

பட்டம் வாங்க அரசு உதவித்தொகை ஒன்று உண்டு. சுகாதாரத் துறைக்கு வருஷத்துக்கு ஒரு இடம். இரண்டு நிபந்தனைகள். விண்ணப்பிப்பவர் நாற்பத்தைந்து வயதைத் தொட்டிருக்கக் கூடாது. அவர் படிக்கப் போகும் இரண்டு வருஷத்துக்கு அவருடைய வேலையைச் செய்ய மாற்று ஆள் இருக்க வேண்டும். அக்கா ஐந்து தடவை விண்ணப்பித்தாள். ஐந்து தடவையும் ஒரே பதில்தான் வந்தது: மாற்று ஆள் இல்லை. மாற்று ஆள் இல்லாததால் படிக்க முடியாது. படிக்காததால் தலைவராக முடியாது. தலைவர் இல்லாததால் வெளியிலிருந்து ஆள் வருவார். வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுக்க அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை. செக்குமாடாவது சுற்றி முடித்தால் எண்ணெய் கிடைக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பின்பக்கம் உள்ள சுகாதாரத் துறை அலுவலகத்தில் நான் தட்டச்சர். என் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் மூன்று முத்திரை. அவர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். துறைச் செயலாளர் இடம் காலியாக இருப்பதால் அதற்கும் அவரே கூடுதல் பொறுப்பு. உதவித்தொகைக் கமிட்டிக்கும் அவரே அமைப்பாளர். சின்ன நாட்டில் இது வழக்கம்தான். ஒருத்தர் தலையில் மூன்று தொப்பி. அவர் மேசையில் மூன்று ரப்பர் முத்திரைகள் வரிசையாக நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், அவர் தனக்குத் தானே கடிதம் எழுதுவார். விதி அப்படி. கண்காணிப்பாளர் செயலாளருக்குப் பரிந்துரைக்க வேண்டும், செயலாளர் அதைக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும், கமிட்டி முடிவைச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்’ என்று அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஃபைல் மேசையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போக இருபது நாள் ஆகும். ஒரு தடவை தனக்கே நினைவூட்டல் கடிதம் எழுதி, தாமதத்துக்குத் தன்னிடமே வருத்தமும் தெரிவித்துக்கொண்டார். நான் கழிப்பறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அக்காவின் ஃபைல் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கண்காணிப்பாளராக அவர் எழுதியதைப் படித்தால் கண்ணீர் வரும். ‘இவரைப் போன்ற ஊழியர் கிடைப்பது அரிது, அவசியம் அனுப்ப வேண்டும்.’ அதை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகு கமிட்டியாக உட்கார்ந்து, ‘மாற்று ஆள் இல்லாததால் கமிட்டி ஒருமனதாக நிராகரிக்கிறது’ என்பார். கமிட்டியில் ஐந்து இடம். அதில் மூன்று அவர். மீதி இரண்டு பதவிகள் வருஷக்கணக்காகக் காலி. ஒருமனதாக என்றது பொய்யில்லை, இருந்ததே ஒரு மனம்தான். அடுத்த நாள் அக்கா வந்து நின்றால், “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேம்மா. கமிட்டில கேக்க மாட்டேங்கறாங்க” என்பார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் சாமியும் பூசாரியும் ஒரே ஆள்.

நான் அக்காவிடம் சொல்லவில்லை. அலுவலக ரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பதினான்கு வருஷமாக நானும் தட்டச்சராகவே இருந்தேன். தலைமை எழுத்தர் நாற்காலி காலியாகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கான ஃபைலும் அதே மேசையில்தான் இருந்தது.

ஆறாவது தடவைதான் கடைசி. அக்காவுக்கு நாற்பத்துநான்கு முடிய மூன்று மாதம். இந்தத் தடவை அவள் ஒரு காரியம் செய்தாள். அவளுக்கு முன்பு அதே அறையில் வேலை பார்த்து, பிறகு வெளிநாட்டுக்குப் போய், ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்த பெரியவரை வீடு தேடிப் போய்ப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயது, கண் நன்றாகத் தெரிகிறது, கை நடுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரவழைத்து ஸ்கேன் இயந்திரத்தையும் கற்றுக்கொடுத்தாள். இரண்டு வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். மாமா குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். வீட்டு முன்னறை முழுக்கக் கதவில்லாத குளிர்பெட்டிகள் நிற்கும். நடுவில் அக்கா சின்னப் பெண்போல உட்கார்ந்துகொண்டு கல்லூரியின் பாடத்திட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தடவை என்ன சொல்லித் தடுப்பாங்க சொல்லு பார்க்கலாம்? மாற்று ஆள் இந்தா இருக்காரு, முழுசா, உயிரோட!”

மாமா ஒரு குழாயை ஊதிக்கொண்டே, “உங்க அக்கா இப்பவே பெட்டி கட்டிட்டா. என்னைத்தான் கட்டாம விட்டுட்டா” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை பரிந்துரைக் கடிதம் அடித்தேன். வழக்கத்தைவிட உருக்கமான கடிதம். இந்தத் தடவை ஃபைல் மேசையைத் தாண்ட இருபது நாள் ஆகவில்லை. அந்த வாரமே முடிந்தது. வியாழக்கிழமை கமிட்டியின் முடிவு. அவர் சொன்னார், நான் அடித்தேன்: ‘முன்மொழியப்பட்ட மாற்று ஆள் ஓய்வு வயதைக் கடந்தவர் என்பதால் ஏற்பதற்கில்லை.’

என் விரல் நின்றுவிட்டது. ஓய்வு வயது அறுபது. சொல்கிற மனிதருக்கு அறுபத்துமூன்று. மூன்று தடவை நீட்டிப்பு வாங்கியிருக்கிறார். மூன்று ஆணையையும் அடித்தவள் நான்.

“சார், இது நியாயமா?” என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. “அவங்களுக்கு இதுதான் கடைசி வருஷம்.”

அவருக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க அக்கா போயிட்டா அந்தப் பிரிவு என்ன ஆகும்மா? நாளைக்கு எனக்கே நெஞ்சு வலின்னா யார் படம் எடுப்பாங்க? அந்தப் பெரியவரா? நல்லா வேலை செய்யறவங்களை யாராவது வெளிய அனுப்புவாங்களா?”

“அப்ப நல்லா வேலை செஞ்சது தப்பா சார்?”

“சின்ன நாடும்மா. கொஞ்சம் விட்டுக்குடுத்துத்தான் போகணும்.” பிறகு, ஏதோ சம்பந்தமே இல்லாத விஷயம்போல, “உங்க ஃபைலையும் இந்த மாசம் முடிச்சுடலாம்னு இருக்கேன்” என்றார்.

யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று முத்திரைகளையும் ஜன்னல் வழியாக வீசியிருக்க வேண்டும். நான் கடிதத்தை அடித்து முடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தும் பார்த்தேன். உறையில் போட்டு, அக்காவின் விலாசத்தை எழுதி, தபால் கூடையில் போட்டேன். இந்தக் கையால்தான்.

சனிக்கிழமை அக்கா கூப்பிட்டனுப்பினாள். கடிதம் அவள் மடியில் இருந்தது. அழுதிருக்கவில்லை. வேலைச் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“கமிட்டில யாருடி எனக்கு அப்படி ஒரு எதிரி? நான் யாருக்கு என்ன பண்ணேன்? பெயர் சொல்லு, நேர்ல போய்க் கால்ல விழுந்தாவது கேட்டுடறேன்.”

காலில் விழுகிறேன் என்றாள் பாருங்கள், அங்கே எனக்கு மனசு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முத்திரை, காலி இடங்கள், இடது ஓரம், வலது ஓரம். மாமா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. “எத்தனை தடவை?”

“ஆறும்தான்க்கா.”

“அவர்தான் எல்லாம்னு உனக்கு முதல் தடவையே தெரியுமா?”

“தெரியும்.”

“நீதான் டைப் அடிச்சியா?”

தலையாட்டினேன். அவள் சட்டையை மேசையில் வைத்தாள்.

“ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமா என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு, ‘பரவால்லக்கா, அடுத்த தடவை கிடைக்கும்’னு சொல்லிட்டுப் போனே. முதல் தடவையே சொல்லியிருந்தா எனக்கு முப்பத்தஞ்சு வயசு. முப்பத்தஞ்சுல நான் எங்க வேணா போயிருப்பேனேடி!”

அவள் கத்தியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா என்னைப் பார்க்காமல், “நீ இப்ப கிளம்பும்மா” என்றார்.

அடுத்த வாரம் ஒரு கூத்து நடந்தது. ‘சிறு நாடுகளில் பணி வளர்ச்சி’ என்று வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்து, துறைமுக மண்டபத்தில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் பச்சைச் சீட்டு கொடுத்து, வளர்ச்சிக்குத் தடை எது என்று எழுதச் சொன்னார்கள். மூன்று முத்திரை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது யார் என்னத்தை எழுதுவது? ‘நேரமின்மை’ என்று எழுதியவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் ‘போக்குவரத்து வசதிக் குறைவு’ என்று எழுதினார்கள். நாட்டை ஒரு முறை சுற்ற ஒரு மணி நேரம் போதும்!

உள்ளூர்த் திறமைக்கு முன்மாதிரி என்று அக்காவை மேடைக்கு அழைத்தார் மூன்று முத்திரை. ஒலிபெருக்கியில் அரைமணி நேரம் புகழ்ந்தார். அவர் நீட்டிய மைக்கை அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“ராஜினாமா சார். கண்காணிப்பாளருக்கு ஒண்ணு, செயலாளருக்கு ஒண்ணு, கமிட்டிக்கு ஒண்ணு. மூணு பேர்கிட்டயும் சேத்துடுங்க. அவங்களுக்குள்ள பேசி முடிவெடுக்க நாளாகும்.”

மைக் இன்னும் அவர் கையில், இருவருக்கும் நடுவில் இருந்ததால் அவள் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் சிரிக்க, அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. நிபுணர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

அக்கா அந்த மாதமே விமானம் ஏறினாள். வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் என்றதும் எடுத்துக்கொண்டது. வேலை என்னவோ கடைநிலை டெக்னீஷியன்தான். இருபத்தைந்து வயதுப் பெண்கள் அவளை ஏவுகிறார்கள். ஆனால் சேர்ந்த இரண்டாம் மாதமே பட்டப் படிப்புக்கு அனுப்பிவிட்டார்களாம். வயது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையாம். இதெல்லாம் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் பேசுவதில்லை. மாமாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கிளம்புகிறார்கள்.

அவள் இடத்துக்கு ஆள் வர எத்தனை நாள் ஆனது தெரியுமா? ஒன்பது நாள். ஒன்றல்ல, இரண்டு பேர், வெளியிலிருந்து, விமான டிக்கெட்டும் வீடும் கொடுத்து. ஒன்பது வருஷமாகக் கிடைக்காத மாற்று ஆள் ஒன்பது நாளில் ஜோடியாக வந்து இறங்கினார்கள். ஒப்பந்தத்தை நான்தான் அடித்தேன்.

என் ஆணையும் அந்த மாதமே வந்துவிட்டது. தலைமை எழுத்தர். வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது எனக்குத் தனி அறை, தனி தொலைபேசி. என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். நான் திட்டிக்கொள்வதைவிட மோசமாக யாராலும் திட்ட முடியாது.

போன மாதம் ஒரு பிற்பகல், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். தலையில் அடி, காதில் ரத்தம். மின்சாரம் போய் வந்ததில் ஸ்கேன் இயந்திரம் நின்றிருந்தது. வந்த இரண்டு பேருக்கும் அதை எழுப்பத் தெரியவில்லை. மூன்று முத்திரை என் அறைக்கு ஓடிவந்தார்.

“உங்க அக்காவுக்கு போன் போடுங்கம்மா! நான் போட்டா எடுக்க மாட்டேங்கறாங்க!”

நான் போட்டாலும் எடுக்க மாட்டாள். பின்தெருவில் இருக்கும் மாமாவிடம் ஓடி, அவர் தொலைபேசியை வாங்கிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு வந்து போட்டேன். அக்கா எடுத்தாள். என் குரலைக் கேட்டு வைத்துவிடப் போகிறாள் என்று அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னேன்.

“ஆளுக்கு நினைவு இருக்கா?” என்று கேட்டாள். இருக்கு என்றேன். “சரி. சொல்றதை அப்படியே செய்யச் சொல்லு. முதல்ல சுவர்ல மெயினை அணைச்சு, நூறு எண்ணிட்டுப் போடணும். கம்ப்யூட்டர் முழுசா வர்றவரைக்கும் பச்சை பட்டனைத் தொடக்கூடாது. பின்பக்க இடது மூடி சரியா உக்காராது, முழங்கையால ஒரு இடி இடிக்கச் சொல்லு. எரர் ரெண்டு தடவை வரும். பயப்பட வேணாம். மூணாவது தடவை வராது.”

அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன், அவர்கள் செய்தார்கள். இரண்டு தடவை எரர் வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. பதினொரு நிமிடத்தில் படம் வந்தது. கொத்தனாரை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வராந்தாவில் நானும் தொலைபேசியும் மட்டும் நின்றோம். அவள் இன்னும் வைக்கவில்லை.

“அக்கா” என்றேன்.

“படம் தெளிவா வந்துச்சா?”

“வந்துச்சுக்கா.”

“நான் சொன்னதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி அங்க ஒட்டி வச்சுடு. இனிமே என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது” என்றாள். “டைப் அடிக்கத்தான் உனக்கு நல்லா வருமே.”

வைத்துவிட்டாள். நான் என் அறைக்குப் போய், அவள் சொன்ன வரிசை மாறாமல், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.